இரவுக்குக் கூலி உண்டு, பாட்டுக்கு?

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஓர் இருபத்தோராவது பிறந்தநாளுக்குப் பாட்டுப் போட வரும் டி.ஜே.யும், நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் பல்லாயிரம் பேரை நிமிடத்துக்கு 180 தட்டு வேகத்தில் குதிக்கவைக்கும் ஹார்ட்கோர் டி.ஜே.யும் செய்வது ஒரே தொழில். இருவரும் இரவை விற்று வாழ்பவர்கள். பாட்டை மட்டும் விற்று வாழ்பவர்கள் இந்தத் தொழிலில் மிகச் சிலர். ஆனாலும் ரொட்டர்டாம்காரரின் ஓர் இரவு சில வருடங்களில் பல மடங்கு விலை ஏறக்கூடும். கொட்டாஞ்சேனைக்காரரின் இரவோ பத்து வருடம் பாடுபட்டாலும் பெரிதாக ஏறுவதில்லை. பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு பெடியன் கிளம்பினால் இறங்கியும்விடும். திறமை வித்தியாசம் என்று இதைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கூட்டத்தின் மனநிலையை ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும் கைகாரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போடும் பாட்டு யாருடையது என்ற இடத்தில்தான் காரணத்தைத் தேடவேண்டும்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். டி.ஜே. என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது போர்ப்ஸ் சஞ்சிகை வெளியிட்டுவந்த பட்டியல். 2014இல் கால்வின் ஹாரிஸ் ஒரு வருடத்தில் 66 மில்லியன் டொலர் உழைத்ததாக அது கணக்கிட்டது. 2019இல் 46 மில்லியன் டொலருடன் செயின்ஸ்மோக்கர்ஸ் முதலிடத்துக்கு வந்தார்கள். இந்தப் பணத்தில் பெரும்பங்கு லாஸ் வேகாஸ் சூதாட்ட ஹோட்டல்களின் இரவு ஒப்பந்தங்களிலிருந்து வந்தது. வானொலியில் ஓடக்கூடிய, பாடகர் குரல் உள்ள, மென்மையான நடன இசையை அந்த ஹோட்டல்கள் வாங்கின. ஹார்ட்கோர் அந்தச் சந்தைக்குள் ஒருபோதும் நுழையவில்லை. வேகமும் முரட்டு அடியும் அதன் உயிர்; பொதுமக்களுக்குப் பிடிக்கும்படி அதைத் தணித்தால் அது வேறு இசையாகிவிடும். எனவே ஹார்ட்கோர் இசைக்காரரின் வருமானம் சிறிய, விசுவாசமான ஒரு கூட்டத்தின் சட்டைப்பையிலிருந்து வருகிறது. கொழும்புத் தமிழ் டி.ஜே.யின் வருமானமும் அப்படியே. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ரொட்டர்டாமின் கதை 1990களின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. துறைமுகத் தொழிலாளர்களின் நகரம் அது. அங்கே பார்க்சிக்ட் என்ற இரவுவிடுதியில் வேகமான டெக்னோ இன்னும் வேகமாகி, அடித்தாளம் உடைந்து கரகரக்கும் அளவுக்குச் சத்தம் ஏற்றப்பட்டு, ‘கபர்’ என்று அழைக்கப்பட்ட ஹார்ட்கோர் இசை பிறந்தது. 1992இல் போல் எல்ஸ்டாக் ரொட்டர்டாம் ரெக்கோர்ட்ஸ் என்ற வெளியீட்டகத்தைத் தொடங்கினார். அதே வருடம் ஐ.டி. அண்ட் டி. நிறுவனம் தண்டர்டோம் என்ற பெயரில் நடன இரவுகளை நடத்தத் தொடங்கியது. தண்டர்டோம் இரவுக்கு நுழைவுச் சீட்டு விற்றது. அதே பெயரில் தொகுப்பு இசைத்தட்டுகளையும் விற்றது. தட்டு இரவுக்கு விளம்பரமானது, இரவு தட்டுக்கு விளம்பரமானது. ஒரு டி.ஜே. தன் சொந்த இசையை அந்தத் தொகுப்பில் சேர்த்துவிட்டால், அந்தத் தட்டிலிருந்து அவருக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு சின்னதாயிருந்தாலும், அடுத்த ஊர் ஏற்பாட்டாளர் அவரை அழைக்கும்போது பேசும் தொகை வேறாகிவிடும்.

இதுதான் அந்தத் தொழிலின் அச்சாணி. தயாரித்த இசை நேரடியாகச் சோறு போடாது. அது இரவின் விலையைத் தீர்மானிக்கும். 1990களின் இறுதியில் கபர் மோகம் தணிந்தபோது இரவுகளும் குறைந்தன, வருமானமும் விழுந்தது. தண்டர்டோம் 2012இல் கடைசி நிகழ்ச்சி என்று அறிவித்து விடைபெற்று, 25ஆவது ஆண்டு நிறைவுக்காக 2017இல் மீண்டும் வந்தது. இடையில் அந்த இசையை விடாமல் செய்தவர்கள் பலரும் வேறு வேலை பார்த்துக்கொண்டே செய்தார்கள். இசை தப்பியது அவர்களால்தான்.

பாட்டின் உரிமை கைநழுவினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த இசைக் குடும்பத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1969இல் அமெரிக்காவின் வின்ஸ்டன்ஸ் என்ற குழு ‘ஏமன், பிரதர்’ என்ற பாடலைப் பதிவு செய்தது. அதன் நடுவே டிரம்ஸ் கலைஞர் கிரிகரி கோல்மன் தனியாக வாசிக்கும் சில விநாடிகள் வருகின்றன. இருபது வருடம் கழித்து இங்கிலாந்தின் பிரேக்பீட் ஹார்ட்கோர், ஜங்கிள் தயாரிப்பாளர்கள் அந்த விநாடிகளை வெட்டி, வேகமேற்றி, ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு அடித்தாளமாக்கினார்கள். கோல்மனுக்கு ஒரு சதம் போகவில்லை. 2006இல் வீடற்றவராக இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்காக 2015இல் இங்கிலாந்து ரசிகர்கள் நன்கொடை திரட்டி சுமார் 24,000 பவுண் கொடுத்தார்கள். அது நன்றிக்காகச் சேர்த்த பணம். சட்டப்படி வரவேண்டிய பணம் வரவேயில்லை.

எதிர்ப்பக்கத்து உதாரணத்தில் ஒரு தமிழ்ப் பெயரே இருக்கிறது. மாதங்கி அருள்பிரகாசம், உலகம் அறிந்த பெயரில் எம்.ஐ.ஏ., தன் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலை 2007இல் வெளியிட்டார். அதில் கிளாஷ் குழுவின் பழைய பாடலொன்றின் துண்டு இருக்கிறது. துண்டை எடுத்ததற்காகக் கிளாஷ் உறுப்பினர்களின் பெயர்கள் படைப்பாளிகள் வரிசையில் சேர்க்கப்பட்டன. பாடல் ஓடும்போதெல்லாம் அவர்களுக்கும் பங்கு போகும். பாடலைத் தயாரித்தவர்களில் ஒருவரான டிப்லோ அப்போது பிலடெல்பியாவின் ஒரு டி.ஜே. பிறகு வந்த வருடங்களில் உலகின் மிக அதிகம் உழைக்கும் டி.ஜே.க்கள் வரிசையில் அவர் பெயர் நின்றது. ஒரு பாடலில் தயாரிப்பாளராகப் பெயர் பதிவதற்கும் ஓர் இரவின் கூலிக்கும் உள்ள உறவு இவ்வளவு நேரானது.

இனிக் கொழும்புக்கு வருவோம்.

வெள்ளவத்தையில் கலியாணம் என்றால் பெரும்பாலும் இரண்டு நிகழ்ச்சி. காலையில் மண்டபத்தில் தாலி, நாதஸ்வரம், தவில். மாலையில் காலி வீதியை அண்டிய ஒரு ஹோட்டலில் வரவேற்பு. டி.ஜே.க்கு வேலை இரண்டாவதில். சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள், அறுபதாம் கலியாணம் என்று மற்றவையும் இதே வழிக்கு வந்துவிட்டன. கொட்டாஞ்சேனையின் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். முதல் நன்மை, இருபத்தோராவது பிறந்தநாள், ஹோம்கமிங் எல்லாவற்றிலும் பைலா இல்லாமல் இரவு முடியாது. ஒரே ஆள் ஒரே இரவில் சென்னைக் குத்துப்பாட்டு, சிங்கள பைலா, ஆங்கில எண்பதுகள், இடையில் ஒரு ஹிந்திப் பாட்டு என்று போடவேண்டியிருக்கும். மாமாமார் பைலா கேட்பார்கள், பெடியங்கள் திரை இசையமைப்பாளர் அனிருத்தைக் கேட்பார்கள், லண்டனிலிருந்து வந்த மச்சான் கேட்பது இருவருக்கும் தெரியாத ஒன்றாயிருக்கும். இத்தனை ரசனைகளை ஒரே தாள ஓட்டத்தில் கோத்து, ஒருவரையும் உட்காரவிடாமல் வைத்திருப்பது சாதாரணக் கைவேலையில்லை. ரொட்டர்டாம் டி.ஜே.க்கு இந்தச் சோதனை கிடையாது. அவர் கூட்டம் ஒரே இசைக்காகச் சீட்டு வாங்கி வந்த கூட்டம்.

எத்தனை இரவு கிடைக்கும் என்பதைப் பஞ்சாங்கம் தீர்மானிக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் குடும்பங்கள் கலியாணம் வைக்காது. தவக்காலத்தில் கத்தோலிக்கக் கலியாணங்கள் நின்றுவிடும். போயா நாளில் மதுச்சாலைகள் பூட்டு; கொண்டாட்டம் வைக்க யாரும் விரும்பமாட்டார்கள். ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருந்து உறவினர்கள் வரும் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையின் நடுப்பகுதியை ஆடி தின்றுவிடுகிறது. எனவே ஆவணி முகூர்த்தங்களும், கத்தோலிக்கக் குடும்பங்களின் நத்தார் காலமும், தை பிறந்தபின் வரும் வாரங்களும் சேர்ந்துதான் ஒரு வருடத்துக்கான காசைக் கொண்டுவரவேண்டும். அந்த நாட்களில் ஒரே இரவுக்கு மூன்று அழைப்பு வரும். ஒன்றைத்தான் எடுக்கலாம். மற்ற இரண்டும் போட்டியாளரை வளர்க்கும்.

இரவின் நீளத்துக்கும் எல்லை உண்டு. 2007 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம், வெலிகமப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொடர்பான ஆஷிக் எதிர் பந்துல வழக்கில், இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்ற விதியை வகுத்தது. வழிபாட்டிடத்தின் சத்தத்தில் தொடங்கிய வழக்கு, திறந்த வெளியில் பாட்டுப் போடுகிறவரின் வேலை நேரத்தையும் அளந்துவிட்டது. அயலவரின் தூக்கத்துக்கு அந்தத் தீர்ப்பு செய்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் சத்தம் வெளியே போகாத மண்டபம் வைத்திருப்பவரின் கை அன்றிலிருந்து ஓங்கியது. பத்து மணிக்குப் பிறகும் ஆட வேண்டுமென்றால் ஹோட்டலுக்குள் போகவேண்டும். ஹோட்டலுக்குள் போனால் அங்கே ஏற்கெனவே ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒலி, ஒளிக்காரரோடு சேர்ந்துதான் வேலை செய்யவேண்டியிருக்கும். கலியாண வீட்டார் கொடுக்கும் தொகையில் ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் எல்.ஈ.டி. திரைக்கும் வானுக்கும் உதவிக்கு வரும் தம்பிமாருக்கும் போக மிஞ்சுவது டி.ஜே.யின் பங்கு. ஒலிபெருக்கி சொந்தமாயிருப்பவருக்கு மிச்சம் பிடிக்கும். சொந்தமில்லாதவர் தானே கூப்பிடப்பட்ட நிகழ்ச்சியில் தானே கூலியாள்.

கருவி விலையைக் கணக்கிட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பெரிய இரவுவிடுதிகளின் அளவுகோலான பயனியர் சி.டி.ஜே. 3000 என்ற கருவி 2020இல் சுமார் 2,300 டொலர் விலையில் வெளிவந்தது. டொலர் 200 ரூபாவில் கட்டிவைக்கப்பட்டிருந்த காலத்தில் அது நாலரை லட்சத்துக்குச் சற்று மேல். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்ட சில வாரங்களில் டொலர் 350ஐத் தாண்டியது. அதே கருவி வரி சேர்க்காமலே எட்டு லட்சம். இரண்டு கருவியும் ஒரு மிக்ஸரும் சேர்ந்து 7,000 டொலர் என்று வைத்து, டொலருக்கு 300 ரூபா போட்டால் 21 லட்சம் ரூபா. வருடத்துக்கு 60 இரவு, ஐந்து வருடம் உழைப்பு என்று பிரித்தால் அந்த மேசைக்கு மட்டும் இரவொன்றுக்கு 7,000 ரூபா தேய்மானம். ஒலிபெருக்கி இந்தக் கணக்கில் இல்லை. ஆகவே கொழும்பில் பலர் மடிக்கணினியோடு இணைக்கும் சிறிய கட்டுப்பாட்டுக் கருவியில் வேலை செய்கிறார்கள். அது 300 டொலருக்குள் கிடைக்கும். அதுவே புதிதாக வருபவருக்கும் கதவைத் திறக்கிறது, எல்லோருடைய கூலியையும் கீழே இழுக்கிறது. இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நுழைவது சுலபம், உயர்வது கடினம் என்றிருக்கும் எந்தத் தொழிலிலும் கூலி இப்படித்தான் போகும்.

இதற்கு மேல் நான்கு வருடம் அடுத்தடுத்து அடி விழுந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் குண்டு வெடித்த இடங்களில் ஒன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம். கொட்டாஞ்சேனைக்கு அது வாசற்படி; எத்தனையோ குடும்பங்கள் அன்று ஆட்களை இழந்தன. தாக்கப்பட்ட ஷங்ரிலா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி மூன்றும் கொழும்பின் பெரிய வரவேற்புகள் நடக்கும் ஹோட்டல்கள். துக்கமும் பயமும் சேர்ந்து அந்த வருடக் கொண்டாட்டங்களைக் கரைத்தன. 2020 மார்ச் 20 முதல் கொரோனா ஊரடங்கு. 2022இல் நாட்டின் வங்குரோத்து, எரிபொருள் வரிசை, மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மாதச் சம்பளக்காரருக்குக் குறைந்த சம்பளமாவது வந்தது. இரவுக்குக் கூலி வாங்குபவருக்கு இரவே இல்லாமற் போனால் ஒன்றுமேயில்லை. கருவிகளை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களும், கட்டார், டுபாய் என்று புறப்பட்டவர்களும் இந்த வருடங்களில் போனவர்கள்தான். ஐரோப்பாவில் பல அரசுகள் கொரோனாக் காலத்தில் சுயதொழில் கலைஞருக்கு மாதாந்த உதவிப் பணம் கொடுத்தன. அங்கே இரவு இல்லாதபோது தயாரிப்பாளர்கள் அறைக்குள் இருந்து புதிய இசை செய்தார்கள். இங்கே 2022இல் அறைக்குள் இருந்தவருக்கு மின்சாரமும் இல்லை.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். வெள்ளவத்தை வரவேற்பில் ஒலிக்கும் தமிழ்ப் பாட்டுகளில் மிகப் பெரும்பகுதி சென்னைத் திரைப்பாட்டு. அவற்றின் உரிமை சோனி மியூசிக், திங்க் மியூசிக், சரிகம போன்ற இசை நிறுவனங்களிடம் இருக்கிறது. நம் டி.ஜே. அந்தப் பாட்டை எடுத்துப் புதிய தாளம் கட்டி, கூட்டத்தைப் பைத்தியமாக்கும் ஒரு ரீமிக்ஸ் செய்கிறார் என்று வையுங்கள். மூன்று இரவு கண்விழித்த உழைப்பு அது. யூடியூபில் ஏற்றியவுடன் கொன்டென்ட் ஐ.டி. என்ற தானியங்கி முறை மூலப்பாட்டை அடையாளம் காணும். உரிமைக்காரர் விரும்பினால் அதை மறைக்கலாம், விரும்பினால் விளம்பர வருமானத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம். ரீமிக்ஸ் பத்து லட்சம் பேரைச் சென்றடைந்தாலும் அதன் பணம் சென்னைக்கோ மும்பைக்கோ போகும். செய்தவருக்கு மிஞ்சுவது பெயர். பெயராலும் இரவு விலை ஏறும்தான். ஆனால் அதே சென்னைப் பாட்டுக்கு அடுத்த வாரம் இன்னொருவர் இன்னொரு ரீமிக்ஸ் போடுவார். இவரைத்தான் அழைக்கவேண்டும் என்ற கட்டாயம் வாடிக்கையாளருக்கு எப்படி வரும்? ரொட்டர்டாமில் தயாரிப்பாளரின் பாட்டு அவரை அடையாளப்படுத்துகிறது. இங்கே பாட்டு அனிருத்தை அடையாளப்படுத்துகிறது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை என்பதுதான் என்னை அதிகம் வருத்துவது. 1960களின் பின்பகுதியிலும் 1970களிலும் இந்த நாட்டில் தமிழுக்கென்று ஒரு சொந்த ஆட்ட இசை இருந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ ஆகியவை பைலாத் தாளத்தில் ஏறி வந்த தமிழ்ப் பொப். இந்தியச் சஞ்சிகைகளுக்கும் படங்களுக்கும் 1970 முதல் 1977 வரையிலான அரசாங்கம் போட்ட கட்டுப்பாடுகள் வாசகரையும் ரசிகரையும் வாட்டின, உண்மை. அதே கட்டுப்பாடுகள் உள்ளூர்க் கலைஞருக்கு மேடையில் இடம்விட்டன என்பதும் உண்மை. மேடையில் பாடுபவரின் பாட்டு அவருடைய சொந்தப் பாட்டு. அந்தப் பாட்டைக் கேட்கவேண்டுமென்றால் அவரைத்தான் அழைக்கவேண்டும். தண்டர்டோம் பிறப்பதற்கு இருபது வருடத்துக்கு முன்பே அதே அச்சாணி இங்கே சுழன்றது.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. 1977க்குப் பின் திறந்த சந்தை, ஒலிநாடாப் பிரதி, வீடியோ. 1983 ஜூலை இனக்கலவரத்தில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்தன. பாடியவர்களும் வாசித்தவர்களும் கேட்டவர்களும் சிதறினார்கள். நித்தி அவுஸ்திரேலியாவில் வாழ்ந்தார். மனோகரன் சென்னையில் குடியேறி, திரைப்படங்களில் நடித்து, 2018 ஜனவரியில் அங்கேயே காலமானார். ‘சுராங்கனி’ அவருக்கு முன்பே கடல் கடந்துவிட்டது: 1977இல் வந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் அது திரைப்பாட்டாகவும் ஒலித்தது. இன்றைக்கும் கொட்டாஞ்சேனை விருந்துகளில் அது இல்லாமல் முடியாது. இலங்கையில் பிறந்த ஒரு பாட்டைத் தமிழ்நாட்டு ரசிகர்கள் பலர் திரைப்பாட்டென்றே நினைக்கும் நிலை எப்படி வந்தது என்று யோசித்தால், உரிமையைப் பதிவு செய்து காக்கும் அமைப்பு இல்லாத ஒரு சமூகம் எதை இழக்கிறது என்பது புரியும்.

இணையம் இதை மாற்றிவிடும் என்ற நம்பிக்கை பெரிதாக இருந்தது. ஸ்பொட்டிபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது. அந்த நிறுவனம் தன் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உரிமைக்காரருக்குக் கொடுக்கிறது. 2024இல் அது 10 பில்லியன் டொலர். ஆனால் வருமான வரிசையில் ஒரு லட்சமாவது இடத்தில் நிற்கும் கலைஞருக்கு அந்த வருடம் சேர்ந்தது சுமார் 6,000 டொலர்தான் என்று நிறுவனமே வெளியிட்டது. அதுவும் வெளியீட்டகம், விநியோகஸ்தர், கூட்டாகப் படைத்தவர் எல்லோருக்கும் பிரிப்பதற்கு முந்திய தொகை. ஒரு தடவை கேட்டால் இவ்வளவு என்று நிலையான விலை அங்கே கிடையாது. கேட்பவர் எந்த நாட்டில், என்ன சந்தா கட்டிக் கேட்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். சராசரியாக மூன்றில் ஒரு சதம், அதாவது 1,000 தடவைக்கு மூன்று டொலர் சொச்சம் என்று வைத்துக்கொள்வோம். இலங்கையில் தனியார் துறைக்கு 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபா. டொலருக்கு 300 ரூபா போட்டால், அதை எட்டுவதற்கு மாதந்தோறும் ஏறக்குறைய 27,000 தடவை அந்தப் பாட்டு கேட்கப்படவேண்டும். கேட்பவர்கள் டொராண்டோவிலும் சூரிச்சிலும் இருந்தால் இது நடக்கலாம். வெள்ளவத்தையில் விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்களை வைத்து நடக்காது. 2024 முதல் இன்னொரு விதி: பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமைப் பணம் கிடையாது. தொடக்கக்காரரின் முதல் பாட்டுகள் எங்கே விழும் என்று சொல்லத் தேவையில்லை. உழைத்த டொலரைக் கைக்கு எடுப்பதும் சுலபமாக இருக்கவில்லை. பேபால் வழியாகப் பணம் பெறும் வசதி இலங்கையருக்கு வருடக்கணக்காக இல்லாததால் சுற்றுவழிகளில் கட்டணம் கட்டி எடுக்கவேண்டியிருந்தது.

2021இல் யொஹானியும் சதீஷன் ரத்நாயக்கவும் பாடிய ‘மெனிகே மகே ஹிதே’ உலகம் முழுக்க ஓடியது. அது 2020இல் சதீஷன் பாடிய பாட்டின் மறுபாடல். வரிகள் டுலான் ஏ.ஆர்.எக்ஸ்., இசைத் தயாரிப்பு சமத் சங்கீத். உலகம் நினைவு வைத்திருப்பது யொஹானியை. தன் பெயரும் படைப்பாளிகள் வரிசையில் பதிந்திருப்பதால்தான், அந்தப் பாட்டு 2022இல் ‘தேங்க் காட்’ என்ற ஹிந்திப் படத்துக்குப் போனபோது, இசைத் தயாரிப்பாளர் தன் பங்கு பற்றிக் கேட்க இடம் இருந்தது. சிங்களத்தில் இப்படி ஒரு பாட்டு எழும்போது அதன் பின்னால் வானொலி, தொலைக்காட்சி, மேடை நிகழ்ச்சி என்று ஒரு சந்தையே நிற்கிறது. கொழும்புத் தமிழ் வானொலிகள், சூரியன் ஆனாலும் சக்தி ஆனாலும், நாளின் பெரும்பகுதியைத் திரைப்பாட்டுக்குக் கொடுக்கின்றன. கிரிஷான் மகேசன் போன்றவர்கள் கொழும்பிலிருந்து தமிழ் ராப் பாடிக் கடல் தாண்டிப் பெயர் வாங்கியிருக்கிறார்கள். அஸ்வஜித் பொய்ல் தன் ஜம்புடெக் வெளியீட்டகத்தின் மூலம் கொழும்பின் மின்னணு இசையை வெளியுலகுக்கு அறிமுகம் செய்தார். கெதே நிறுவகம் போன்றவற்றின் துணையோடு புறக்கோட்டையின் பழைய கட்டடங்களில் இசை இரவுகளும் நடந்தன. அந்த இரவுகளுக்கும் வெள்ளவத்தை வரவேற்பு இரவுகளுக்கும் இடையே போக்குவரத்தே இல்லை. ஒரு பக்கம் சொந்த இசை இருந்தது, பணம் இல்லை. மறுபக்கம் பணம் இருந்தது, சொந்த இசை இல்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளிக்கு வாழ்நாளும் அதற்கு மேல் 70 வருடமும் உரிமை தருகிறது. பாடுபவர், வாசிப்பவர், ஒலிப்பதிவைத் தயாரிப்பவர் ஆகியோரின் உரிமைகளையும் தனியே வகுக்கிறது. பொது இடத்தில் பாட்டு ஒலித்தால் பணம் கட்டவேண்டும் என்பது அதன் அடிப்படை. ஒஸ்கா என்று அழைக்கப்படும் பாடல் படைப்பாளர் சங்கம் இந்தப் பணத்தைத் திரட்டப் பல வருடமாகப் போராடுகிறது. தமிழில் தனியாக இசை செய்பவரின் குரல் இந்த ஏற்பாடுகளில் ஓங்கி ஒலித்ததில்லை. ஹோட்டல் மண்டபத்தில் ஓர் இரவில் எந்தெந்தப் பாட்டு ஓடியது என்று யாரும் குறித்துவைப்பதில்லை. குறிப்பில்லாவிட்டால், திரட்டிய பணம் ஏற்கெனவே பெயருள்ளவர்களுக்கே பிரியும்.

இது கொழும்பின் பிரச்சினை மட்டுமில்லை. ஐரோப்பாவிலும் இரவுவிடுதிகள் கட்டும் உரிமைப் பணம் நெடுங்காலம் வானொலிப் பாட்டுகளின் கணக்கை வைத்தே பிரிக்கப்பட்டது; ஹார்ட்கோர் ஓடிய இரவின் காசு பொப் பாடகருக்குப் போனது. மின்னணு இசைச் சங்கம் அதற்கெதிராக இயக்கம் நடத்தியது. நெதர்லாந்தின் உரிமைச் சங்கமான பூமா ஸ்தெம்ரா, டி.ஜே. மொனிட்டர் என்ற நிறுவனத்தின் மூலம் விடுதிகளில் ஒலிப்பதைக் கருவி வைத்தே அடையாளம் காணத் தொடங்கியது. அதன் பிறகுதான் சிறு தயாரிப்பாளருக்கு, தன் பாட்டு ஏதோ ஓர் ஊரில் ஓடியதற்கான காசு வருடமுடிவில் வர ஆரம்பித்தது. பெரிய தொகை கிடையாது. ஆனால் தூங்கும்போதும் வருகிற காசு அது. ஊரடங்கு வந்தாலும் பழைய வருடத்துக் கணக்கு வந்துசேரும்.

கொழும்பில் அந்தக் கருவிகூடத் தேவையில்லை. டி.ஜே. பயன்படுத்தும் ரெகோர்ட்பொக்ஸ், செராட்டோ, வேர்ச்சுவல் டி.ஜே. ஆகிய மென்பொருள்கள் எல்லாமே அன்றிரவு போட்ட பாட்டுகளின் பட்டியலைத் தாமாகவே சேமித்துவைக்கின்றன. காலையில் அதை ஒரு கோப்பாக எடுத்து அனுப்ப இரண்டு நிமிடம் போதும். அனுப்புவதற்கு ஓர் இடமும், மூன்று மொழியிலும் ஒரு படிவமும், மண்டபங்கள் கட்டும் உரிமைப் பணத்தை அந்தப் பட்டியலின்படி பிரிப்பதாக ஓர் உறுதியும் வேண்டும். தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் மேற்பார்வையில் உரிமைச் சங்கங்கள் இதைச் செய்யலாம். அந்த நாளில் பட்டியலில் சென்னைப் பாட்டுகளுக்கே பெரும்பங்கு போகும்; போகட்டும், அது அவர்களுக்குச் சேரவேண்டியது. ஆனால் இன்றைக்கு வெள்ளவத்தையில் ஒரு டி.ஜே. தன் சொந்த மெட்டை, சொந்தத் தாளத்தை, கொட்டாஞ்சேனைப் பெடியன் ஒருவன் பாடிய நாலு வரியை இரண்டு திரைப்பாட்டுக்கு நடுவே இரவுக்கு ஒரு தடவை போட்டால் அவருக்கு ஒரு சதமும் இல்லை. பட்டியல் இருந்தால் அந்த ஒரு தடவை கணக்கில் ஏறும். மற்ற டி.ஜே.க்களும் அதைப் போட்டால் அவர்களுடைய இரவுகளும் கணக்கில் ஏறும். அப்போதுதான் ஒருவர் சொந்தப் பாட்டு செய்வதற்கு மூன்று இரவு கண்விழிப்பதில் பொருளாதாரக் காரணம் ஒன்று பிறக்கும்.